சட்டம் வருவதற்கு முன்: அரசு அமைக்கும் குழுக்களும் ஆணையங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விவகாரம் பெரிதாக வெடித்ததும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கப்படும் என்று அரசு அறிவிப்பது நமக்குப் பழகிப்போன செய்தி. பிரச்சினையை ஆறப்போடும் வழி அது என்ற சந்தேகமும் உடனே எழுகிறது. அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சில முக்கியமான சட்டங்களின் பின்னால் இத்தகைய குழுக்கள் இருந்திருக்கின்றன. அச்சட்டங்களில் எது நீதிமன்றத்தில் நின்றது, எது விழுந்தது என்பதிலும் குழுவின் பணிக்குப் பங்கு இருந்திருக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் தமிழ்நாட்டு உதாரணங்களைக் கொண்டே அதை விளக்குகிறது.

விசாரணை ஆணையமும் குழுவும் ஒன்றுதானா?

இல்லை. விசாரணை ஆணையம் என்பது 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைக்கப்படுவது. பொதுமக்களுக்கு முக்கியத்துவம் வாய்ந்த, திட்டவட்டமான ஒரு பொருள் குறித்து மத்திய அரசோ மாநில அரசோ அதை அமைக்கலாம். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிக் கோரினால் அமைத்தே ஆக வேண்டும். சாட்சிகளை அழைப்பதற்கும், உறுதிமொழியின்பேரில் விசாரிப்பதற்கும், ஆவணங்களைக் கொண்டுவரச் செய்வதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. ஒருவருடைய நற்பெயருக்கு விசாரணையால் பாதிப்பு வரக்கூடும் என்றால் அவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் சட்டம் விதிக்கும் கட்டாயம்.

குழு என்பது அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு ஓர் அரசாணை மூலம் அமைப்பது. யாரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. துறைகள் தரும் புள்ளிவிவரங்களையும் மக்கள் தாமாக முன்வந்து சொல்லும் கருத்துகளையும் நம்பித்தான் அது வேலை செய்ய வேண்டும். பெயரை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது, ஏனெனில் ஆணையம் என்று பெயர் சூட்டப்பட்ட அமைப்புகள் எல்லாமே 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தவை அல்ல. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் அமைக்கப்பட்டது என்று அரசாணையைப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

நடந்த சம்பவத்தை விசாரிப்பதற்கும் புதிய சட்டம் இயற்றுவதற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1958-இலேயே விடை சொல்லிவிட்டது. ராமகிருஷ்ண டால்மியா எதிர் நீதிபதி டெண்டோல்கர் வழக்கில், டால்மியா குழும நிறுவனங்களின் நடவடிக்கைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. ஆணையம் தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் அல்ல, அதன் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தா. சட்டம் இயற்றவோ நிர்வாக நடவடிக்கை எடுக்கவோ அரசுக்குத் தேவையான தகவல்களைத் திரட்டித் தருவதே அதன் பணி என்று நீதிமன்றம் விளக்கியது. கடந்தகாலத் தவறுகளுக்குத் தண்டனை பரிந்துரைக்கும் வகையில் ஆய்வு வரம்பில், அதாவது எதை ஆராய வேண்டும் என்று அரசு வகுத்துத் தந்த வாசகத்தில், இருந்த சொற்களை மட்டும் நீக்கியது.

அந்த ஆணையத்தின் தொடர்ச்சியே சட்டத்துக்கான பாதையையும் காட்டுகிறது. பின்னர் நீதிபதி விவியன் போஸ் தலைமையில் விசாரணை நிறைவுற்றது. அவருடைய அறிக்கை சுட்டிக்காட்டிய முறைகேடுகளுக்கு எத்தகைய சட்டத் திருத்தம் தேவை என்று ஆராய தஃப்தரி, சாஸ்திரி ஆகியோரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1965-இல் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. உண்மைகளைக் கண்டறிவது ஒரு கட்டம், அவற்றைச் சட்ட விதிகளாக மாற்றுவது அடுத்த கட்டம் என்ற இந்த ஒழுங்கு இன்றைக்கு அருகிவிட்டது. இப்போது ஒரே குழு இரண்டையும் சில வாரங்களில் செய்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அறிக்கையிலிருந்து சட்டம் எப்படி உருவாகிறது?

அறிக்கை வழக்கமாக முதலமைச்சரிடம் அளிக்கப்படுகிறது. பொருளுக்கு உரிய துறை அதை ஆராய்ந்து குறிப்புகள் எழுதும். சட்டத்துறை சட்டமுன்வடிவின் வாசகத்தை வரையும். அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் அது பேரவையில் அறிமுகமாகும். பேரவை கூடாத காலமாக இருந்தால் ஆளுநர் மூலம் அவசரச் சட்டமாக வரலாம். சட்டமுன்வடிவோடு இணைக்கப்படும் நோக்கக் காரண விளக்கவுரை பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களே இருக்கும். குழுவைப் பற்றிய குறிப்பு அந்தப் பக்கங்களில்தான் இடம்பெறும். வாசிக்க வறட்சியான அந்தப் பகுதிதான் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பப் புரட்டப்படுகிறது.

குழு அமைக்காமலே சட்டம் இயற்றினால் என்ன? பேரவைக்கு அதிகாரம் இருக்கிறதே?

அதிகாரம் இருக்கிறது, குழு அமைத்துத்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் ஒருவருடைய அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றால், அந்தக் கட்டுப்பாடு ஏன் தேவைப்பட்டது, ஏன் இந்த அளவுக்குத் தேவைப்பட்டது என்று நீதிமன்றம் கேட்கும். அப்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும். இதற்கு இணைய சூதாட்டச் சட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021 தொடக்கத்தில் அதற்குப் பதிலாகச் சட்டமும் வந்தன. திறமை சார்ந்த விளையாட்டு, அதிர்ஷ்டம் சார்ந்த விளையாட்டு என்ற வேறுபாடு பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகத் தடுத்த சட்டம் அது. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சில தற்கொலைகளைச் சுட்டிக்காட்டியதைத் தவிர, முழுத் தடைக்கு அடிப்படையான அறிவியல் ஆய்வோ கள ஆய்வோ போதிய அளவில் முன்வைக்கப்படவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் அரசுக்கு எதிராக நின்ற குறைகளில் ஒன்று.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. தொழில்நுட்ப அறிஞர், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், காவல்துறை உயர் அதிகாரி ஆகியோர் அதில் இடம்பெற்றனர். இணைய விளையாட்டுகளின் தீமைகளை ஆராய்ந்து புதிய சட்டத்துக்கான பரிந்துரைகளை இரண்டு வாரங்களில் தர வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. ஜூன் 27-ஆம் தேதி அறிக்கை தரப்பட்டது. அதன்பின் பள்ளி மாணவர்களிடம் ஏற்பட்ட தாக்கம் குறித்து ஆசிரியர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தப்பட்டது. ஆகஸ்டில் பொதுமக்களிடமும் பெற்றோரிடமும் விளையாட்டு நிறுவனங்களிடமும் உள்துறை கருத்துக் கேட்டது. அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டமும், அக்டோபர் 19-இல் பேரவையில் சட்டமுன்வடிவும் நிறைவேறின. ஆளுநர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23-ஆம் தேதி பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

இந்தச் சட்டமும் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பர் 9-ஆம் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு சட்டத்தைச் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அட்டவணையில் சேர்த்த பகுதியை மட்டும் ரத்து செய்தது. வயது, நேரம் போன்றவற்றில் அரசு ஒழுங்குமுறை விதிக்கலாம் என்றும் கூறியது. நேரில் ஆடும் ரம்மியும் இணையத்தில் ஆடும் ரம்மியும் தன்மையிலேயே வேறு என்று நிறுவ அரசால் முடியவில்லை; கணினி நிரல் மனிதனைப் போல எதிர்த்து ஆடக்கூடும் என்ற அச்சத்துக்குத் தக்க சான்று காட்டப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து.

ஒரே பொருள் பற்றிய இரண்டு சட்டங்களில் முன்னது முழுவதும் போனது, பின்னது பெரும்பகுதி நின்றது. இதற்கு ஒரே காரணம் குழுதான் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் இரண்டு சட்டங்களின் அமைப்பும் வேறு. ஆயினும் ஆதாரம் இருந்த இடத்தில் சட்டம் நின்றதும், அனுமானம் மட்டும் இருந்த இடத்தில் விழுந்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஒரு கேள்விக்கு, அதாவது இணைய ரம்மி எப்படி இயங்குகிறது என்ற தொழில்நுட்பக் கேள்விக்கு, விடை காண இரண்டு வாரம் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பு விட்டுவைத்த வழியில் சென்று, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை, ஆதார் மூலம் வயதுச் சரிபார்ப்பு ஆகிய விதிகளை அரசு 2025-இல் கொண்டுவந்தது. அவற்றை அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்த இரண்டே மாதங்களில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டதால் களமே மாறிப்போனது வேறு கதை.

பழைய குழுவின் அறிக்கையை வைத்துப் புதிய சட்டம் இயற்றலாமா?

இயற்றலாம், ஆனால் ஆபத்து அதிகம். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021 பிப்ரவரி 26-ஆம் தேதி, தேர்தல் அறிவிப்பு வெளியான நாளில், பேரவையில் நிறைவேறியது. சாதிவாரிப் புள்ளிவிவரம் திரட்டுவதற்காக நீதிபதி குலசேகரன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டு அப்போது மூன்று மாதம்கூட நிறைவடையவில்லை. அந்த ஆணையத்தின் முடிவுக்குக் காத்திராமல் சட்டம் வந்தது. 2022 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட பிறகும், சட்டம் செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அரசு நம்பியிருந்த விவரங்கள் 1980-களில் அம்பாசங்கர் ஆணையம் திரட்டிய மக்கள்தொகைக் கணக்கை அடியொற்றியவை, காலத்தால் பழையவை என்பது முக்கியமான காரணம்.

அருந்ததியர் உள்ஒதுக்கீடு இதற்கு மாறான உதாரணம். அதைப் பரிசீலிக்கவென்றே 2008-இல் நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனம் தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரையின்பேரில் 2009-இல் 3 விழுக்காட்டுக்கான சட்டம் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு கூறியபோது அந்தச் சட்டத்தின் மீதிருந்த ஐயமும் நீங்கியது. உள்ஒதுக்கீட்டுக்கு அளவிடத்தக்க, நிரூபிக்கத்தக்க தரவு வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

குழு சொன்னதை அரசு ஏற்றே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கூட்டலாம், குறைக்கலாம், முற்றிலும் ஒதுக்கலாம். மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முன்னுரிமை பற்றி ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையம் 2020 ஜூனில் 10 விழுக்காட்டைப் பரிந்துரைத்தது. அரசு அதை 7.5 விழுக்காடாகக் குறைத்துச் சட்டமாக்கியது. செப்டம்பரில் நிறைவேறிய சட்டமுன்வடிவு ஆளுநரிடம் தாமதமானதால், கலந்தாய்வைக் காப்பாற்ற அக்டோபர் 29-இல் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது.

விலகல் இதைவிடப் பெரிதாக இருந்த உதாரணம் நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட அக்குழு, லீலா சேத், கோபால் சுப்ரமணியம் ஆகியோரையும் உள்ளடக்கி, 29 நாட்களில் அறிக்கை தந்தது. அமிலம் வீசுதல், பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல் ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்கிய 2013-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் அதன் விளைவு. ஆனால் மண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வுக்கு அளிக்கப்படும் விலக்கை நீக்க வேண்டும் என்ற பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் தொடர்பான பரிந்துரையையும் ஏற்கவில்லை. குழு வேண்டாம் என்ற மரண தண்டனை, சில நேர்வுகளுக்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஏற்கப்படாத பகுதிகளும் வீண்போகவில்லை. மண உறவு விலக்கு பற்றிய வழக்குகளில் இன்றும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டப்படுகிறது.

அறிக்கை எவ்வளவு வலுவாக இருந்தாலும் சட்டம் வராமல் போகுமா?

போகும். நீட் தேர்வின் தாக்கம் குறித்து நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையிலான குழு 2021 ஜூனில் அமைக்கப்பட்டது. 86,342 பேரின் கருத்துகளைப் பெற்று ஜூலை 14-இல் அறிக்கை அளித்தது. குழு அமைத்ததையே எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய நாள் தள்ளுபடி செய்தது. செப்டம்பர் 13-இல் நீட் விலக்குச் சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரி 8-இல் மீண்டும் நிறைவேறியது. ஆனால் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வர அரசமைப்புச் சட்டத்தின் 254(2)-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். குழுவின் அறிக்கை காரணங்களைத் தர முடியும். இல்லாத அதிகாரத்தைத் தர முடியாது.

பொதுமக்கள் எப்படிப் பங்கேற்கலாம்?

குழு கருத்துக் கேட்டு நாளிதழ்களிலும் இணையத்திலும் அறிவிப்பு வெளியிடும்போது மின்னஞ்சல் அல்லது அஞ்சல் மூலம் எழுதலாம். வர்மா குழுவுக்குச் சுமார் 80,000 கருத்துகள் வந்தன. கால அவகாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களே இருக்கும் என்பதால் அறிவிப்பைக் கண்டவுடன் எழுதுவது நல்லது. ஆய்வு வரம்புக்குள் நின்று, இந்த விதி இப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லும் மனு, பத்துப் பக்கக் குமுறலைவிடக் குழுவுக்குப் பயன்படும். சொந்த அனுபவம் இருந்தால் நாள், இடம், ஆவணம் ஆகியவற்றோடு எழுதலாம்.

மத்திய அரசைப் பொறுத்தவரை, வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கொள்கை 2014 முதல் இருக்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல. மீறினால் கேட்க ஆளில்லை.

அறிக்கைகள் ஏன் பல நேரம் வெளியிடப்படுவதில்லை?

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் என்றால், அறிக்கையையும் அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த குறிப்பையும் 6 மாதங்களுக்குள் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். சாதாரணக் குழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆணையம் அமைப்பதைவிடக் குழு அமைப்பதை அரசுகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், அமைச்சரவைப் பரிசீலனையில் இருக்கிறது என்று கூறி மறுக்கப்படலாம். ஆனால் முடிவெடுக்கப்பட்ட பிறகு, முடிவையும் அதற்கான காரணங்களையும் அடிப்படையான ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்று அதே விலக்குப் பிரிவு கூறுகிறது. சட்டமுன்வடிவு நிறைவேறிய பிறகு மீண்டும் ஒரு மனுப் போடுவது பலன் தரக்கூடும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

வரையறை கிடையாது. அயோத்தி நிகழ்வுகளை விசாரித்த லிபரான் ஆணையம் 48 முறை நீட்டிப்புப் பெற்று 17 ஆண்டுகள் நடந்தது. அறிக்கை விரைவாக வந்தாலும் சட்டம் விரைவாக வரும் என்ற உறுதி இல்லை. தமிழரான கே.சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரையால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964-இல் அரசுத் தீர்மானம் மூலம் அமைந்தது. அதற்குச் சட்டத் தகுதி தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது, அதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு. தனிநபர் தரவுப் பாதுகாப்பு குறித்து நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவுச் சட்டத்தோடு அறிக்கை தந்தது. 2019-இல் வந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, மிகவும் சுருங்கிய வடிவில் வேறொரு சட்டம் 2023-இல் நிறைவேறியது.

சட்ட ஆணையம், தெரிவுக் குழு ஆகியவற்றிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன?

சட்ட ஆணையம் குறிப்பிட்ட ஒரு சம்பவத்தோடு கட்டுப்படாமல் சட்டங்களைப் பொதுவாக ஆராயும் ஆலோசனை அமைப்பு. தெரிவுக் குழு சட்டமன்ற உறுப்பினர்களை மட்டுமே கொண்டது; மசோதா அறிமுகமான பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் பேசப்படும் குழுக்கள் மசோதா பிறப்பதற்கு முன்பே வேலை செய்பவை. தமிழ்நாட்டில் சட்டமுன்வடிவுகள் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்படுவது அரிது. பெரும்பாலும் அறிமுகமான கூட்டத் தொடரிலேயே நிறைவேறிவிடுகின்றன. ஆகவே ஆற அமர ஆராயும் ஒரே கட்டம் பல நேரம் இந்த முன்னோட்டக் குழுதான்.

இப்போது இவ்வகையில் கவனிக்க வேண்டிய பணி எது?

ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. அரசியல் கட்சிகள், சட்ட வல்லுநர்கள், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஆகியோரின் கருத்துகளைக் கேட்டுப் பரிந்துரைகள் தருவது அதன் பணி. இதே பொருளில் இந்தியச் சட்ட ஆணையம் 2012-இல் தன் 242-ஆவது அறிக்கையில் ஒரு வரைவுச் சட்டத்தையே இணைத்துத் தந்திருந்தது, அது சட்டமாகவில்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்தோருக்குப் பாதுகாப்பு இல்லம், சிறப்புக் காவல் பிரிவு போன்ற ஏற்பாடுகளை 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. எனவே கொள்கை அளவிலான விவாதத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் இந்தக் கொலைகள் எந்தப் பெயரில் பதிவாகின்றன, பாதுகாப்புக் கேட்டு வந்தவர்களுக்குக் காவல் நிலையத்தில் என்ன நேர்ந்தது, வழக்குகள் எந்தக் கட்டத்தில் வலுவிழக்கின்றன என்ற விவரங்கள்தான் சிதறிக் கிடக்கின்றன. அறிக்கை வெளியாகும்போது முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கங்கள் அவை.